காசியானோ அழித்த தடங்கள்

மக்தலேனா ஊரில் காசியானோவுக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று அவர் மனைவி லிப்ராதா முப்பத்தொரு வருடமாகச் சொல்லிவந்தாள். பாதி விளையாட்டு, பாதி நிஜமான சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அக்டோபர் பிறந்தால் குகுர்பே மலைப்பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சவேரியார் திருவிழாவுக்கு மக்தலேனாவுக்கு நடந்துபோவார்கள். காலில் கொப்புளம் வந்தால்தான் போய்வந்த திருப்தி. காசியானோ மட்டும் போகமாட்டார். பசு ஈனும், வேலி அறுந்துகிடக்கும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். அந்த வாரம் பார்த்து ஏதாவது வந்துவிடும்.

"அந்த ஊர்ல எவ கண்ல படக்கூடாதுன்னு இப்படி ஒளியிற, கெழவா?" என்பாள் லிப்ராதா, ரொட்டி மாவை முழங்கை வரை விரித்துச் சுழற்றிக்கொண்டே. அவர் காப்பியை ஊதுவார்.

ஒளிந்தது உண்மைதான். ஆனால் பெண்ணுக்குப் பயந்து அல்ல, சவேரியாருக்குப் பயந்து.

மக்தலேனாவில் சவேரியார் நிற்பதில்லை, படுத்திருக்கிறார். வரிசையில் வருகிறவர்கள் பிடரிக்கு அடியில் கைகொடுத்து அவர் தலையைக் கொஞ்சம் தூக்கவேண்டும். மனதில் கறை இல்லாதவனுக்கு அந்த மரத்தலை பஞ்சுபோல எழும்பும். கறை இருந்தால் அசையாது. ஒரு கசாப்புக்காரன் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கமுடியாமல் வியர்த்து நின்றதைக் காசியானோ சின்ன வயதில் நேரில் பார்த்தவர். வரிசை முழுக்க அவனைப் பார்த்தது. அடுத்த மாதமே அவன் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான்.

காசியானோவின் கறை ஒரு புலி. அந்த மலைகளில் ஜாகுவாரை யாரும் ஜாகுவார் என்பதில்லை. அது புலி. பூமா என்றால் சிங்கம். முப்பது வயதில் காசியானோ அந்தப் பக்கத்திலேயே பெயர்பெற்ற புலி வேட்டைக்காரர். சுரைக்குடுக்கையின் வாயில் தோல் கட்டி, அதில் மெழுகு தடவிய குதிரைமயிரைக் கோத்து இழுத்தால் புலி உறுமுவதுபோலவே கேட்கும். நிஜப்புலி அதை நம்பி நேரே வந்து நிற்கும். அப்படி ஒன்று வந்தது, அவரும் சுட்டார். பண்ணை முதலாளி காலை அதன்மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பெரிய ஆண்புலி என்று ஊரெல்லாம் சொன்னார். அந்தப் படம் இன்னமும் மதுக்கடைச் சுவரில் தொங்குகிறது. தோலை உரித்தது காசியானோ, தனியாக. கத்தியில் பால் ஒட்டியது.

மூன்று நாள் பாறை பாறையாகத் தேடினார். குட்டிகள் கிடைக்கவில்லை. முதலாளி சொன்னதை அவர் திருத்தவும் இல்லை.

விஷத்துக்கும் பொறிக்கும் போய் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெண்புலிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்பது வருடம் மலையில் ஒரு தடம் இல்லை. அப்புறம் தெற்கிலிருந்து எப்போதாவது ஒரு ஆண்புலி வரும், நாலு நாள் சுற்றும், துணை இல்லாத மலையில் என்ன வேலை என்று வடக்கே போய்விடும். பெண்புலி அப்படித் தூரம் நடக்காது. பிறந்த இடத்தை ஒட்டியே இருக்கும். குடுக்கையைக் காசியானோ அடுப்பில் போட்டது இதையெல்லாம் தெரிந்துகொண்ட அன்றுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நெரேய்தா என்ற பெண் மலையில் கேமரா கட்ட வந்தாள். மிருகங்களைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தவள். ஊர் அவளைப் 'பூனைக்காரம்மா' என்றது. தடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவள் கேட்டபோது, எல்லோரும் காசியானோவைத்தான் காட்டினார்கள். அன்றிலிருந்து கேமராவுக்கு பேட்டரி மாற்றுவது அவர் வேலை. படத்தில் புலி விழுந்தால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஆணா?" அவளும் ஆமாம் என்பாள். இத்தனை வருடத்தில் மூன்று புலி. மூன்றும் ஆண்.

இந்த மே மாதம், ஓடைகளெல்லாம் வற்றி, வெயில் பாறையைப் பிளந்துகொண்டிருந்த நாளில், எராக்லியோ விடிந்ததும் வாசலுக்கு வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர், காசியானோ மகளுக்கு ஞானத்தகப்பன். ஓடையில் அவருடைய கன்று ஒன்று செத்துக்கிடந்தது. அடித்தது எது என்று காசியானோ போய்ப் பார்க்கவேண்டும். பால் கறந்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். வரும்போது செத்த கன்றில் தடவ விஷ டப்பாவும் வரும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

காசியானோ கோவேறு கழுதையில் போனார். கன்றின் மண்டையோடு கடிபட்டு நொறுங்கியிருந்தது. சிங்கம் தொண்டையைப் பிடிக்கும், தின்றது போக இலைதழை போட்டு மூடியும் வைக்கும். இது புலி. மணலில் அகலமான தடம். அதன் ஓரத்திலேயே சின்னச் சின்னதாக வேறு தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று, விளையாடினமாதிரி.

பெண்புலி, குட்டியோடு என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் கை முந்திக்கொண்டது. அந்தக் காலத்தில் வேட்டைக்காரன் தடத்தைப் பார்த்தால் முதல் வேலை அதை அழிப்பது, அடுத்தவன் பின்தொடர்ந்துவிடக்கூடாது. காசியானோ ஒரு கிளையை ஒடித்து, ஓடை மணல் முழுவதையும் வாசல் பெருக்குவதுபோலப் பெருக்கிவிட்டு நிமிர்ந்தார். சின்னத் தடங்களை மட்டும் அழித்திருந்தால் போதும். பெரியதும் போயிற்று. அவர் பார்த்ததற்கு இப்போது அவரைத் தவிர சாட்சி இல்லை.

எராக்லியோ டப்பாவோடு வந்து சேர்ந்தார். "சிங்கமா, புலியா?"

"புலிதான். வழிப்போக்கு ஆண்புலி, பங்காளி. இந்நேரம் நாலு மலை தாண்டியிருக்கும்."

"தடம் ஒண்ணையும் காணோமே."

"காத்து அடிச்சுதுல்ல."

இலைகூட அசையாத காலை அது. எராக்லியோ மணலைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசியானோ சட்டென்று தன் கன்றுகளில் ஒன்றை, அந்தச் செவலைக் கிடாரியை, ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஒரே நிபந்தனை, டப்பா திறக்கக்கூடாது.

"புலியச் சுட்டுப் பொழச்ச காலம் போயி, புலிக்காகத் தண்டம் அழுவுறியா, பங்காளி? என் டப்பா மூடியே இருக்கும். கெடாரிய நாளைக்கு ஓட்டிக்கிறேன்."

கிடாரி போனதைப் பற்றி லிப்ராதா ஒரு வாரம் பேசினாள். காசியானோவுக்கு அது காதில் விழவில்லை. மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்தொரு வயதுக் கண். பார்த்தது புலிக்குட்டியின் தடம்தானா? காட்டுப்பூனை கன்றை மோப்பம் பிடிக்க வந்திருக்கலாம். பார்க்கவேண்டும் என்று ஏங்கியதைத்தான் பார்த்தோமோ? ஓடைக்கு மேலே கணவாயில் ஒரு கேமரா இருந்தது. அதைத் திறந்து படம் பார்க்க அவருக்குத் தெரியாது. நெரேய்தா வரவேண்டும். வழியில் எங்காவது வண்டி கவிழ்ந்து அவள் வராமலே போய்விடுவாளோ என்றுகூட நினைத்தார்.

ஜூன் மாதம் ஒரு முற்பகலில் வந்தாள். ஜீப்பின் முன்மூடிமேல் கணினியை வைத்துப் படங்களை ஓட்டினாள். பசு. பசு. மான். பேட்டரி மாற்றும் காசியானோவின் மூக்கு. காட்டுப்பன்றிக் கூட்டம். பசு. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றார். அப்போது அவள் விரல் நின்றது.

அகலமான தலை, ரோஜாப்பூ அடுக்கியமாதிரிப் புள்ளிகள், கணவாய்ப் பாறையைத் தாண்டும் ஒரு புலி. அவர் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"ஆணா?"

அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள். பாறைக்குக் கீழே, அம்மாவின் வாலைப் பிடிக்கக் காலைத் தூக்கியபடி, ஒரு குட்டி.

"ஐயா, ஆண்புலி எந்த ஊர்ல குட்டிய இழுத்துக்கிட்டு அலையுது?" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது.

காசியானோ ஜீப்பின் நிழலில் அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார், இன்னொரு தடவை கேட்டார். பிறகு அந்த இரண்டாவது படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். ஏழெட்டுத் தரம் போட்டிருப்பாள்.

ஒன்று வந்ததால் மலை நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இதுவும் திரும்பிப் போகலாம், யாராவது எங்காவது டப்பா திறக்கலாம் என்று நெரேய்தா எச்சரித்தாள். அவர் தலையாட்டினார். அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் முப்பத்தொரு வருடமாக நெஞ்சில் இருந்த கல் எங்கோ உருண்டு போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் நின்றபடியே லிப்ராதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். குடுக்கை, கத்தியில் ஒட்டிய பால், மூன்று நாள் தேடியது, சவேரியாரின் தலை, பெருக்கிய மணல். அவள் கையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப மக்தலேனால எவளும் இல்ல?"

"இல்ல."

"முப்பத்தோரு வருஷம் ஒரு செத்த புலிக்கா பொறாமப்பட்டேன்?" என்றாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மாவு கன்னமெல்லாம் ஆனது. "கெடாரி போனா போவுது. நல்லதுதான் பண்ணின."

அக்டோபரில் இருவரும் நடந்தார்கள். உலர்ந்த மாட்டிறைச்சியும் காட்டுமிளகாயும் ரொட்டியில் சுருட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு பகல் நடை. முழங்கால் நிஜமாகவே வலித்தது. கோயிலை நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்தது. புலி வந்தது தன்னால் அல்லவே, அது தானாக அல்லவா நடந்து வந்தது, சவேரியார் இதை எந்தக் கணக்கில் எடுப்பார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வரிசையில் லிப்ராதா முன்னால் நின்றாள். தூக்கினாள், முத்தமிட்டாள், நகர்ந்தாள்.

காசியானோ பிடரிக்கு அடியில் கையைக் கொடுத்தார். மரம் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

தலை எழும்பியது. கைக்குழந்தையின் தலைபோல, கனமே தெரியாமல்.

கீழே வைத்தார். நம்பிக்கை வராமல் மறுபடி கையைக் கொண்டுபோனார்.

"போதும், கெழவா," என்று லிப்ராதா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பின்னாடி ஊரே நிக்குது."