நாலாவது பொத்தான்

நான் ஓட்டுப் போடுவதாக இருந்தவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்பது ஆபீஸ் வண்டிக்குள் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. புனேயின் ஹிஞ்சேவாடியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அதாவது, பாலத்துக்குக் கீழே வண்டி நகராமல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். நடுவில் தாயி, கழுத்தில் ஒரு கட்சித் துண்டு. இந்தப் பக்கம் பழைய கவுன்சிலர், அந்தப் பக்கம் அவர் மனைவி. மூன்று பேரும் கைகூப்பிச் சிரித்தார்கள். கீழே மராத்தியில் ‘தாயி இனி நம்மோடு’ என்று எழுதியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாயியேதான். சிரிப்பும் அவருடையதுதான். சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

தாயி என்றால் மராத்தியில் அக்கா. எங்கள் சந்து முனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டைக் குரல். தெரு முழுக்க அவரைத் தாயி என்றுதான் கூப்பிடும். போனில் நான் அவரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, “யாரடி அது, நான் இருக்கறப்ப இன்னொரு தாயி?” என்று கோயமுத்தூரிலிருந்து என் அம்மா ஒருமுறை கோபித்துக்கொண்டதுண்டு.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போக ஒரு ஓடை உண்டு. யாரோ கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டி அதைப் பாதி மூடிவிட்டார்கள். யார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் திரும்பி எங்கள் தரைத்தளத்து வீடுகளுக்குள் ஏறிவிட்டது. எங்கள் வீடும் தரைத்தளம். கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்தது. மாநகராட்சிக்குப் போன் போட்டோம், ஆன்லைனில் புகார் பதிந்தோம், நேரில் போனோம். ‘ஐயா சைட்டுக்குப் போயிருக்கிறார்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் தாயி தன் கடை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் டேங்கர்கள் போகிற தெரு அது. அந்த டேங்கர்கள் பழைய கவுன்சிலரின் மச்சானுடையவை. “இஞ்சினியர் வந்து ஓடையைப் பார்க்கிற வரைக்கும் ஒரு லாரியும் உள்ளே போகாது” என்றார். லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. கவுன்சிலர் காரில் வந்து இறங்கி முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார்.

தாயி குடையைக்கூடத் தாழ்த்தவில்லை. “உன் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை நான்தான் கொடுக்கிறேன். நான் எழுந்திருக்கிற ஆளா என்று அவளிடம் போய்க் கேள்” என்றார்.

நான் அன்றைக்கு ஆபீஸ் போகாமல் அவர் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் இஞ்சினியர் வந்தார். இடிபாட்டில் பாதியை அள்ளினார்கள். மீதிப் பாதி இன்னும் அங்கேயே கிடக்கிறது.

பல வருடமாகத் தள்ளிக்கொண்டே போன மாநகராட்சித் தேர்தல் ஒருவழியாக நெருங்கியபோது, பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் சுயேச்சையாக நிற்கப்போவதாகத் தாயி சொன்னார். அதற்காகத்தான் என் ஓட்டைப் புனேவுக்கு மாற்றினேன். இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் என் பெயர் கோயமுத்தூர் பட்டியலில்தான் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயிலேறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவேன். அதை எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் அண்ணன் போனிலேயே கத்தினார்.

“ஏனம்மணி, இங்க இருக்கற ஓட்டையும் அழிச்சுப்போட்டயா? அப்புறம் உனக்கு இந்த ஊர்ல என்னதான் இருக்குது?”

“அண்ணா, எங்க ஊட்டுக்குள்ள தண்ணி வந்தா நீங்களா வந்து எறைக்கறீங்க? இங்கதான எனக்கு ஓட்டு வேணும்?” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்புறம் நானும் என் மகளும் தாயிக்காக வீடுவீடாகப் போனோம். என்னுடையது காய்கறிக்கடை மராத்தி, கொத்துமல்லிக் கட்டுக்கு மேல் தாண்டாது. மகள் இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். மராத்தி அவளுக்கு அருவி மாதிரி கொட்டும், தமிழ்தான் தடுக்கி விழும். அவள் பேசுவாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அவளுக்கு இது முதல் ஓட்டு. ஒரு வீட்டில், “நீங்கள் வெளியூர்க்காரர்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை?” என்று கேட்டார்கள். “தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரும்போது ஊர் கேட்டுவிட்டா வந்தது?” என்று மகள் திருப்பிக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தாயிதான் படத்தில் நின்றார். அதுவும் அந்த ஆளுக்குப் பக்கத்தில்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் வங்கி அதிகாரி, கோர்படிப் பக்கம் கிளை. எதிலும் கடைசியில் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற குணம் அவருக்கு உண்டு.

“நான் அன்னைக்கே சொன்னனல்லோ? சுயேச்சைன்னா வாபஸ் வாங்கறதுக்குன்னே நிக்கறவங்கதான்.”

“ஏனுங்க, இப்ப அதச் சொல்லியே ஆகோணுமா?”

“சரி சரி. நோட்டாவுல அமுக்கிப்போட்டு வா. முடிஞ்சுது.”

மகள் அறையிலிருந்து வந்தாள். அழுதிருந்தாள். “ம்மா, நான் வோட் பண்ணமாட்டேன். ஃபர்ஸ்ட் வோட்டே இப்படி வேஸ்ட் ஆயிடுச்சு. எல்லார்கிட்டயும் நான்தானே பேசினேன்? இப்ப அவங்க மூஞ்சிய எப்படி பாக்கறது?”

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தவுடன் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக மருந்துக்கடைக்குப் போனேன். ஒரு கிழவருக்கு மாத்திரை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார் தாயி. என்னைப் பார்த்ததும் கடைப்பையனிடம் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார். நாங்கள் இந்தியும் மராத்தியும் கலந்துதான் பேசுவோம்.

“திட்ட வந்தாயா? திட்டு” என்றார்.

“ஏன் தாயி?”

“நாத்தனார், கொழுந்தன், வீட்டுக்காரரின் மாமா, எல்லாரும் காலையிலிருந்து என் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்தன் கவுன்சிலரின் கட்சியில் இருக்கிறான். நான் நின்றால் ஓட்டுப் பிரியும், எதிர்க்கட்சிக்காரி வந்துவிடுவாள் என்றார்கள். ஓடை வேலையை முதல் வேலையாகச் செய்துதருவதாக அந்தக் கவுன்சிலரே வந்து என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.”

“அவன் சத்தியமா? ஓடையை மூடினதே அவன் ஆட்கள்தானே?”

“தெரியும்.”

“தெரிந்துமா?”

தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் ஜெயிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? ஜெயிக்காமல் நான் எந்த ஓடையைத் தோண்டுவது? நீ படித்தவள், சொல்.”

“தோற்றாலும் பரவாயில்லை என்றுதான் நாங்கள் வீடுவீடாகப் போனோம். தோற்கிற உரிமையாவது எங்களுக்கு இருந்தது தாயி. அதையும் நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.”

அவர் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சட்டென்று, “உன் பெண் எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் பொறுக்கவில்லை. “அவளையே வந்து கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் வரவில்லை.

போட்டியில் மீதமிருந்தவர்களில் இரண்டு பேர்தான் கணக்கில் வருகிறவர்கள். ஒருவர் பழைய கவுன்சிலரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டட வாசலுக்கு வந்தார்கள். மனைவி கைகூப்பி நின்றார், புருஷன் பேசினார். நான் அந்த அம்மாவைப் பார்த்தே கேட்டேன், “ஓடையை எப்போது சுத்தம் செய்வீர்கள்?” என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் புருஷன், “கண்டிப்பாக, கண்டிப்பாக, தாயியே எங்களோடு இருக்கிறார்” என்றார். திரும்பவும் அந்த அம்மாவிடமே கேட்டேன். திரும்பவும் புருஷனே பதில் சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மா என் நெற்றியில் குங்குமம் வைத்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்னொருத்தி எதிர்க்கட்சியின் இளம்பெண், வக்கீல். எங்கள் பகுதிக்காரியே அல்ல. ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் அவளுடைய கட்சித் தலைவர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்தவர்களால்தான் இந்த நகரத்தில் ரோடும் தண்ணீரும் நாசமாகிவிட்டன என்று பேசியிருந்தார். எங்கள் குழுவில் அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்கு வந்தபோது நான் உள்ளேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மகள் எழுந்து போய் மராத்தியில் கேட்டுவிட்டாள்.

“உங்கள் தலைவர் சொன்ன வெளியூர்க்காரர்கள் நாங்கள்தான். எங்களிடமே ஓட்டுக் கேட்க வந்திருக்கிறீர்களா?”

கூட வந்த ஆட்கள் முறைத்தார்கள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். “நான் அப்படிப் பேசவில்லை. அவர் பேசியது தப்பு என்று இவர்கள் முன்னால் என்னால் சொல்லவும் முடியாது” என்றாள். பிறகு, “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டாள். ஓடை என்றோம். அவளுக்கு அப்படி ஒரு ஓடை இருப்பதே தெரியவில்லை. காட்டச் சொன்னாள். பின்பக்கம் அழைத்துப் போனோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடிபாட்டின் மேல் ஏறிப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள். “இது ஒரு நாள் வேலைதானே?” என்றாள். ஒரு நாள் வேலைதான். அதுதானே எங்கள் வயிற்றெரிச்சல்.

அவள் போன பிறகும் என் குழப்பம் தீரவில்லை. எங்களை வேண்டாம் என்கிற கட்சிக்கு நானே போய் ஓட்டுப் போடுவதா? ஓடையை மூடினவனுக்குப் போடுவதா? நோட்டா என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? குளிக்கும்போதும், மீட்டிங்கிலும், தோசைக்கல் முன்னாலும் இதே யோசனை. ஒருநாள் தோசை கருகிவிட்டது. “ஒரு ஓட்டுக்கு இத்தன அலம்பலா?” என்றார் கணவர். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஓட்டுப் போடுகிற நாளில் மகள் தானாகவே கிளம்பி நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். எங்கள் வார்டுக்கு நான்கு கவுன்சிலர்கள், ஆளுக்கு நான்கு ஓட்டு. நான்கையும் போட்டால்தான் மெஷின் சத்தம் போடும், அதுவரை முடிந்ததாகாது. நோட்டாவானாலும் அதற்கான பொத்தானை அமுக்கியே ஆகவேண்டும். முதல் மூன்றை எப்படியோ அமுக்கிவிட்டேன். அவை யார் யாருக்கு என்று இப்போது யோசித்தால்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. நாலாவதுதான் தாயி நிற்க இருந்த இடம்.

அந்த வரிசையில் அவருடைய பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் மேலிருந்து கீழ்வரை தேடினேன். நோட்டா என்று முடிவு செய்துதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். அமுக்க மனம் வரவில்லை. கோயமுத்தூரில் இருந்த ஓட்டை விட்டுவிட்டு வந்து, ‘யாரும் வேண்டாம்’ என்று சொல்வதற்கா இத்தனை நேரம் வெயிலில் நின்றேன் என்று தோன்றியது.

அட்டை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து அதிகாரி கூப்பிட்டார். “மேடம், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மெஷின் முடியவில்லை.”

“தெரியும்” என்றேன்.

“சீக்கிரம், மேடம். பின்னால் வரிசை நிற்கிறது.”

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. துக்கமில்லை, ஆத்திரம். அந்த வக்கீல் பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அமுக்கினேன். மெஷின் நீளமாகக் கத்தியது. வெளியே வந்ததும் மகள் கேட்டாள், “யாருக்கும்மா?” சொன்னேன். “நான் நோட்டா” என்றாள். “அவங்க ஓடைய பாத்தாங்க, ஓகே. ஆனா அந்த வீடியோவ என்னால மறக்க முடியலம்மா.” அவள் சொன்னதும் சரிதான்.

பழைய கவுன்சிலரின் மனைவி ஜெயித்தார். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசத்தில்தான் ஜெயித்தார், என் ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. மண் அள்ளுகிற ஜேசிபி இயந்திரத்தின் வாளியிலிருந்து பூவை அள்ளி அவர்மேல் கொட்டினார்கள். ஓடைக்குக் கேட்டால் வராத இயந்திரம், பூ கொட்ட வந்துவிட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் மேளச் சத்தம் உள்ளே வந்தது.

சில வாரம் கழித்துக் கட்டடத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து புது கவுன்சிலரின் அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் தாயியும் நின்றிருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. உள்ளே மேஜைக்குப் பின்னால் புருஷன் உட்கார்ந்திருந்தார். கவுன்சிலரம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார், எங்களுக்கு டீ சொல்லி அனுப்பினார்.

“ஓடை?” என்றார் தாயி.

“பட்ஜெட் வரட்டும் தாயி. முதல் வேலை அதுதான்” என்றார் புருஷன்.

“கையில் அடித்துச் சொன்னாயே?”

“இப்போதும் சொல்கிறேனே” என்று அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தாயி அந்தக் கையைத் தொடவில்லை. டீயையும் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

வெளியே ரிக்‌ஷாவுக்காக நின்றபோது அவர் என் பக்கத்தில் வந்தார். முகம் கறுத்திருந்தது. “திங்கட்கிழமை மறுபடியும் வரலாமா?” என்று கேட்டார். உங்களால்தானே இங்கே வந்து இவன் முன்னால் நிற்கவேண்டியிருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மழைக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது.

“திங்கட்கிழமை வருகிறேன்” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வந்த ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டேன்.