கம்பி சுற்றிய சாமான்கள்

அப்பா மெக்கானிக். தூக்கத்தில், படுக்கையில் இறந்தார். பத்து விரல்களும் இருந்தன. அந்தத் தொழிலில் அது சாதாரணமில்லை. அவரோடு ஷெட் நடத்திய சித்தப்பாவுக்கு ஒன்பதுதான்.

ஷெட்டில் அப்பாவுக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்ட மாட்டார். ஒரு ஸ்டாண்ட் வைப்பார், கழற்றிய சக்கரத்தையும் உள்ளே தள்ளுவார், பிறகுதான் படுப்பார். "எங்கண்ணன் கட்டில்ல படுக்கறதுக்கே முட்டுக் குடுக்கற ஆளு" என்பார் சித்தப்பா. அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு கட்டையைச் செருகுவார்.

அவர் போன பிறகு, அப்பாவின் சாமான்கள் இருந்த இரும்புப் பெட்டியைச் சித்தப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். நான் விடுப்பில் வந்தபோது அம்மா எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கூடத்தில் செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருந்தாள். கழுவுவதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"இத்தனை வருசம் இதுங்களோடதான் குடும்பம் நடத்தியிருக்காரு. ஒண்ணோட பேருகூட எனக்குத் தெரியாது. சொல்லு."

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். இவற்றில் பாதியை இன்று யாரும் தொடுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். விசிறிபோல் விரியும் மெல்லிய தகடுகள் வால்வு இடைவெளி பார்க்க. மூன்று கால் உள்ளது பேரிங்கை இழுத்து எடுக்கும் புல்லர். இரண்டு முறை வளைந்த தடிக்கம்பி, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில்.

"இதைப் பிடிக்கும்போது கட்டை விரல் மத்த விரலோடவே இருக்கணும். எதிர்ப்பக்கம் வெச்சா, எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் உடைஞ்சிடும்."

அம்மா ஹேண்டிலை வாங்கிப் பார்த்தாள். "பக்கெட்டைக்கூட அப்படித்தான் தூக்குவாரு. ஏதோ கிறுக்குன்னு நினைச்சேன்."

அதைத் திரும்பச் செய்தித்தாளில் வைத்தாள்.

பிறகுதான் ஓரத்தில் இருந்த ஒரு டப்பாவைப் பார்த்தேன். உள்ளே துருப்பிடித்த கம்பி வளையங்கள். எல்லாம் வெட்டப்பட்டவை.

"அது குப்பை. சில சாமான்ல சுத்திக் கிடந்துச்சு. வெட்டி எடுக்கறதுக்குள்ள என் கையே போச்சு."

அப்பா எந்தச் சாமானையும் எறிய மாட்டார். "எறிஞ்சா எவனாவது பொறுக்கி வண்டியில மாட்டுவான்" என்பார். விரிசல் விட்டதை, வழுக்கத் தொடங்கியதைக் கம்பியால் சுற்றி முறுக்கிப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவார். கம்பி சுற்றியதை ஷெட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள். பல வருடம் கை படாததால் அவைதான் தேயாமல் இருந்தன. துருவைத் துடைத்துவிட்டால் பெட்டியிலேயே அவைதான் அழகு.

வெட்டிய கம்பி, சுற்றியிருந்த பொருளின் உருவத்தை விடாது. மேலாகக் கிடந்த வளையங்களை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். ஒன்று ஸ்பேனரின் கழுத்தில் உட்கார்ந்தது. ஒன்று புல்லரின் காலில். அடுத்தது இரட்டை வளையம், உட்புறம் மரையின் தடம். அதற்குரியது அங்கே இல்லை.

"நீளமா, மரை போட்டு, முனையில கொக்கி வெச்சு ஜோடியா ஒண்ணு இருந்துச்சா?"

"ரெண்டு ஜோடி இருந்துச்சு. பளபளன்னு இருந்ததை இப்பதான் சித்தப்பா எடுத்துட்டுப் போனாரு. ஏதோ வேன் வேலையாம்."

வண்டிச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை நெருக்கிப் பிடிக்கும் கொக்கிகள் அவை. நெருக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். அந்தக் கொக்கியை அப்பா சோதித்தபோது நான் அருகில் இருந்தேன். மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தூவினார். விரிசலில் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரிழையாய் ஓர் ஈரக்கோடு எழுந்தது. "பாத்தியா, வாயைத் திறக்குது" என்றார்.

சித்தப்பா போனை எடுக்கவில்லை. வளையத்தோடு ஓடினேன்.

ஷெட்டில் ஆளில்லை. வேலை மேசையில் அவருடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஸ்பிரிங், பாதி உயரத்துக்கு நெருக்கப்பட்டு, வாசலைப் பார்த்துக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த கொக்கியின் கழுத்தில் அந்தக் கோடு. இப்போது பார்க்கச் சாக்பீஸ் தேவைப்படவில்லை.

பின்னால் நகர்ந்து வெளியே வந்தேன். டீ டம்ளரோடு சித்தப்பா வந்துகொண்டிருந்தார்.

"என்ன இன்ஜினியரம்மா, திடீர்னு சோதனைக்கு வந்துட்டீங்க?"

"உள்ள போகாதீங்க."

"அப்படியே அப்பன் ரத்தம். அண்ணன் சாமான்மா அது. கம்பி இருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

கையை விரித்தேன். அவர் வளையத்தைப் பார்த்தார். டம்ளரைத் தரையில் வைத்தார்.

"யாரு வெட்டுனது?"

"அம்மா. கழுவியிருக்காங்க."

சித்தப்பா வாசலுக்குப் போனார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டி, ஷட்டரைச் சத்தம் வராமல் இறக்கினார்.

"சுவரோரமா வா. ஷட்டருக்கு நேரா நிக்காதே."

நின்றோம். டீயில் ஆடை படிந்தது.

"ஒண்ணும் ஆகாதுபோல" என்றார். "ஊர் பாத்தா சிரிக்கும். இப்ப நான்தான் பயந்தாங்கொள்ளி."

அப்போது உள்ளே வெடித்தது. ஷட்டர் வெளிப்பக்கமாகப் புடைத்து நின்றது. சித்தப்பாவின் நெஞ்சு உயரத்தில்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. புதுக் கம்பி எடுத்து, ஸ்பேனரிலும் புல்லரிலும் சுற்றி முறுக்கினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"இதை வெச்சு என்ன செய்யப்போற?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதுக்குத்தான் கட்டறேன்."

டப்பாவைக் கவிழ்த்தேன். இன்னொரு வளையம் விழுந்தது. உள்ளங்கை அகலம், சதுரம். கூடத்தில் இருந்த எதிலும் அது பொருந்தவில்லை.

"வேற யாராவது ஏதாவது எடுத்துட்டுப் போனாங்களா?"

அம்மா துணியை மடித்தாள். "துக்கம் கேக்க எத்தனையோ பேரு வந்தாங்க. ஒருத்தரு அண்ணன் ஞாபகமா ஒண்ணு குடுங்கன்னு கேட்டாரு. அவரும் மெக்கானிக்காம்."

"யாரு?"

"பேரு கேக்கலையே. இருக்கறதுலயே நல்லதா பாத்துக் குடுத்தேன்."