மீட்டருக்குக் கேட்டது

எனக்கு மூக்கு நுனியில் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி நேரம் யார் மீதாவது எரிந்து விழுந்துகொண்டுதான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில், ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு கார்ப் பட்டறை இருந்தது. ஊரார் கார்களைப் பழுதுபார்ப்பது பிழைப்பு. பட்டறையின் பின்மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேனே, அதுதான் என் உயிர். எழுபதுகளில் வந்த ஜப்பான் கார் ஒன்று. ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தீனியாகப் போட்டிருந்தேன். இன்ஜினைப் பிரித்து இழைத்து, கார்புரேட்டரை இரட்டையாக்கி, பின் இருக்கையைப் பிடுங்கி எறிந்து, புகைக்குழாயை முன்னிலிருந்து பின்வரை நானே வளைத்துப் பற்றவைத்திருந்தேன். அதை ஊருக்குள் ஓட்டினால் சிக்னலுக்குச் சிக்னல் போலீஸ்காரன் மறிப்பான்.

எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கோலாலம்பூர் பக்கத்தில் ஒரு பந்தயத் தடம் இருந்தது. பந்தயம் இல்லாத சில ஞாயிறுகளில் பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். மோட்டார் சைக்கிளும் பஸ்ஸும் குறுக்கே வராத ஒரு சாலையில், இருபது நிமிடம், என் காரை அதன் முழு மூச்சுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது, இனி எப்போது என்று ஒரு தவிப்பு.

முதல் முறை பட்டறை நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன், ஒருவன் பின்னால் வெறும் தகட்டில் உட்கார்ந்து வந்தான். தடத்துக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தரையில் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றார். பக்கத்தில் முக்காலியின் மேல் சத்தம் அளக்கும் மீட்டர். புகைக்குழாயின் வாய்க்குச் சற்றுத் தள்ளி, சாய்வாக அதை வைப்பார். இன்ஜினை அவர் சொல்லும் வேகத்துக்கு ஏற்றிப் பிடிக்க வேண்டும். அளவு எல்லைக்குள் இருந்தால் கண்ணாடியில் பச்சைத் தாள் ஒட்டுவார். தாண்டினால் வந்த வழியே வீட்டுக்கு. சுற்றிலும் குடியிருப்புகள் வந்துவிட்டன, புகார் மேல் புகார், அதனால்தான் இந்த விதி என்றார்கள்.

என் கார் எல்லையை ஏழு புள்ளி தாண்டியது.

"என்சிக், உங்க மீட்டர் கெட்டுப்போச்சு" என்று, அந்த மரியாதைச் சொல்லை மட்டும் விடாமல், மலாயில் கத்தினேன். எனக்கு முன்னால் போனவனுடைய கார் என்னுடையதைவிட இரண்டு மடங்கு அலறியது, அவனுக்கு மட்டும் பச்சைத் தாள், இது என்ன நியாயம் என்று கேட்டேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது, சத்தியமாக. பெரியவர் கோபப்படவே இல்லை. "சாபார், அண்ணே" என்றார். பொறுமையாக இருக்கணுமாம்! என் நண்பர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவர்களைத் திட்டித் தீர்த்தேன்.

வீட்டில் மனைவி ஆச்சரியப்படவில்லை. "நாலாவது மாடியில சமைச்சுக்கிட்டு இருப்பேன். உங்க காடி சந்த முனையில திரும்புறப்பவே ஜன்னல் கண்ணாடி ஆடும்லா" என்றாள். அவள் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடர். அங்கே இரைச்சலான பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு வருடா வருடம் காது சோதிப்பார்கள். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பித்தானை அமுக்கச் சொல்வார்களாம். "வெளியிலயும் அது மாதிரி டாக்டர் இருக்காங்க. நீங்களும் ஒரு தடவ போய்க் காட்டுங்களேன்" என்று அதற்கு முன்பே இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

எனக்கா? காதால் சோறு தின்கிறவன் நான். கெப்பாலா பத்தாஸிலிருந்து பாலம் தாண்டி என்னைத் தேடி வருவார்கள். பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என்னைப் பார்த்து இப்படிச் சொல்கிறாளே என்று அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை பிடித்தேன்.

ஆனாலும் விடவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு சைலன்சர் செய்தேன். நடுவே ஓட்டை ஓட்டையாகத் துளைத்த குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, வெளியே தடித்த தகட்டு உறை. கடைசி மூடியைப் போல்ட்டு போட்டு முடுக்கினேன், பிரித்து மாட்ட வசதியாக. மாட்டி இன்ஜினைக் கிளப்பினால், ஆகா! தையல் மிஷின் ஓடுவது போல இருந்தது எனக்கு. சாப்பாட்டுக் கேரியரோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். கேரியரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் சத்தமாத்தாங்க இருக்கு!"

"உனக்கு இந்தக் காடியே புடிக்கல. அத நேராச் சொல்லிரு" என்றேன். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை.

இரண்டாம் முறை அவளே கூட வருகிறேன் என்றாள். முதல் நாள் கிளம்பி, கிள்ளானில் அவள் அக்கா வீட்டில் தங்கி, காலையில் தடத்துக்குப் போவது என்று ஏற்பாடு. காரில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து தொழிற்சாலையில் கொடுக்கும் ஆரஞ்சு நிற அடைப்பான்களை எடுத்தாள். உருட்டி, இரண்டு காதிலும் ஒன்றொன்றாக வைத்துக்கொண்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். கட்டின மனைவி, என் முகத்துக்கு நேராக! ஈப்போ தாண்டும்வரை முன்னால் இருந்த சாலையை முறைத்துக்கொண்டே ஓட்டினேன். அவளும் பேசவில்லை, வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். எண்ணெய் ஊற்ற நிறுத்தியபோது அடைப்பான்களைக் கழற்றிவிட்டு, "பசியாறலாமான்னு மூணு தடவ கேட்டேன். கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள். இன்ஜின் இரைச்சலில் எவனுக்கம்மா கேட்கும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதே சிமெண்டுத் தரை, அதே பெரியவர். இன்ஜினை ஏற்றிப் பிடித்தேன். பிடித்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று இந்த மனிதர் சொல்ல மாட்டாரா என்று நினைக்கும்போது அவர் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். அணைத்தேன். மூன்று புள்ளி அதிகம். மத்தியானம்வரை நேரம் இருக்கிறது, சரிசெய்தால் இன்னொரு முறை பார்க்கிறேன் என்றார்.

அணை உடைந்தது. காரைவிட்டு இறங்கி, இந்த மீட்டரை யார் சோதித்தது, நீங்கள் யார், பினாங்குக்காரர்கள் எங்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பெரியவர் என் மனைவி பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ பேசினார். அவள் முகம் வாடிவிட்டது.

"என்ன சொல்றாரு?"

அவள் என் பக்கத்தில் வந்தாள். "இன்ஜின அணைச்சிருங்கன்னு பின்னால நின்னு நாலு தடவ கூப்ட்டாராம். நானும் பாத்தேன், நல்லாக் கத்திக் கூப்ட்டாரு. நீங்க திரும்பவே இல்ல."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி. கப்பல் இன்ஜின் அறையில் இருபது வருடம் வேலை பார்த்தாராம். "முதலில் சின்னச் சத்தங்கள் போகும், அண்ணே. பறவை, டெலிபோன் மணி, மனைவி பேசுவது. பெரிய சத்தம் மட்டும் நிற்கும். அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்றே நினைப்போம்" என்றார் மலாயில். மீட்டரைத் தட்டிக் காட்டி, "நான் என் காதை நம்புவதில்லை. இதைத்தான் நம்புகிறேன்" என்றார்.

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அடுத்த நொடி, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பயந்துவிட்டேன். காது போனால் எனக்குப் பட்டறை ஏது, தொழில் ஏது? நண்பர்கள் அன்று ஏன் தரையைப் பார்த்தார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு வருஷமாவே காது இப்படித்தாங்க" என்றாள் மனைவி, என் முகத்துக்கு நேராக நின்று. "நான் சொன்னா நீங்க சண்டைக்கு வர்றீங்க. இப்ப காடியப் பாப்போம். அத ஓட்டாம நீங்க ஊரு வந்து சேர மாட்டீங்க."

சைலன்சரின் மூடியைக் கழற்றினால், உள்ளே வைத்த பஞ்சில் பாதியைப் புகை ஊதித் தள்ளியிருந்தது. வேறு பஞ்சுக்கு எங்கே போவது? அவள் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த மளிகைக் கடைக்கு நடந்து போய், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் இருந்த பாக்கெட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் திணித்தேன். இன்ஜினைக் கிளப்பினேன். போதும் என்றேன். அடைப்பான் இல்லாத காதோடு பின்னால் நின்றவள் தலையாட்டினாள், "இன்னும்." மறுபடி சூடு ஆற விட்டு, கழற்றி, திணித்தேன். "இன்னும்." எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று இன்னொருவரைக் கேட்டு வேலை செய்தேன். கை பொத்துப்போய், சட்டையெல்லாம் கரியாகி, ஐந்தாவது தடவை அவள் விரலை உயர்த்தி, சரி என்றாள்.

மீட்டர் எல்லைக்கு ஒரு புள்ளி கீழே காட்டியது. பெரியவர் பச்சைத் தாளைத் தன் கையாலேயே ஒட்டி, அதன்மேல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

கடைசிக் குழுவோடு என்னை விட்டார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தடத்தில் இறங்கினேன். முதல் திருப்பத்தில் மற்ற கார்கள் பக்கத்திலேயே இருந்தன, அவற்றின் இரைச்சலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் அவை விலகிப் போயின. நீண்ட நேர்ப்பாதை. முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. ஆறு வருடம் காத்திருந்த இடம் அது. பெடலை முழுதாக அமுக்கினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்ஜின் நின்றுவிட்டது! இரும்பு நார் அடைத்து மூச்சு முட்டிவிட்டது, என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். இன்ஜின் சுற்று காட்டும் முள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. இருபது வருடமாக ஓட்டும்போது காதை நம்பியே அதைப் பார்த்துப் பழகாதவன் அந்தப் பதற்றத்திலா பார்ப்பேன்? கிளச்சை மிதித்து, கியரை விடுவித்து, கார் தானாக உருண்டு வேகம் குறைய, இடதுபக்கப் புல்தரையில் இறக்கி நிறுத்தினேன். கையை ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினேன். இறங்கி, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் நின்றேன். எங்கோ கொடி ஆட்டினார்கள். குழுவை நிறுத்தி, மற்ற கார்களையெல்லாம் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

உதவி வண்டியில் பெரியவரும் என் மனைவியும் வந்தார்கள்.

"என்னங்க ஆச்சு? ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்று மனைவி என் முகத்துக்கு நேராக வந்து கத்தினாள்.

"செத்துப்போச்சு" என்றேன். "இன்ஜின் செத்துப்போச்சு பிள்ள."

அவள் காரைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் என் கரிபடிந்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பானெட்டின் மேல் வைத்தாள். தகடு சூடாக, விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றாள்.

ஊரே தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்ட அந்தச் சத்தம்தான் எனக்கென்று மிச்சம் இருந்த சத்தம். அதையும் அன்று காலையிலிருந்து நானே திணித்துத் திணித்து அடைத்திருந்தேன். பானெட்டிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதேன், மறைக்கவில்லை.

பெரியவர் அவளிடம் ஏதோ சொல்லி, தன் வண்டியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் என்னவோ கேட்டாள். உதடு அசைந்தது தெரிந்தது. வழக்கம் போல, சரி சரி என்று தலையாட்ட வாய் திறந்தேன். முடியவில்லை.

"எனக்குக் கேக்கல பிள்ள" என்றேன்.

அவள் கிட்டே வந்து, என் ஹெல்மெட்டின் ஓரத்தைத் தூக்கி, காதுக்குள் சொன்னாள்.

"கியர் எப்ப மாத்தணும்னு நான் தொடையில தட்டுறேன். வாங்க, ஓட்டுவோம்."