சுங்கை சிப்புட்டில் ஒரு நீலச் சதுரம்

1983 மார்ச்சில் கோலாலம்பூர் ஏல நிறுவனம் ஒன்றில் ஓவியங்களுக்கு விலை மதிப்பிடும் வேலையில் இருந்தேன். ஒருநாள் பேராக்கிலிருந்து கடிதம் வந்தது. வசந்தா என்ற பெண் எழுதியிருந்தார். ரப்பர் தோட்டத்து பிரெஞ்சுத் துரை ஊருக்குத் திரும்பும்போது தன் அம்மாவிடம் மூன்று படங்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவற்றை விற்க வேண்டுமாம். கூடவே அந்தப் படங்களின் புகைப்படம் ஒன்று. அதில் தெரிந்த கையெழுத்தைப் பார்த்ததும் விடுப்பில் இருந்த மேலாளருக்குக்கூடச் சொல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டேன். சதுரம், வட்டம், கோடு தவிர வேறெதையும் வரையாத ஒரு பிரெஞ்சு ஓவியருடையது அது. ஐரோப்பிய ஏலங்களில் அவருடைய விலை அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

காலை ஏழரைக்கு ரயில். ஈப்போ போய்ச் சேரப் பன்னிரண்டே கால் ஆனது. நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர் குடித்துவிட்டு சுங்கை சிப்புட் பஸ் ஏறினேன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். டாக்சிக்கு ஆறு ரிங்கிட், அங்கே சொல்வதுபோல் ஆறு வெள்ளி, கேட்டார்கள். (நான்குக்குப் பேசலாம். எனக்குப் பேசத் தெரியவில்லை.)

"அந்தத் தோட்டத்துல இப்ப என்னா இருக்கு அண்ணே? பால்மரமெல்லாம் சாய்ச்சிட்டான்லா" என்றார் ஓட்டுநர். "ஜூன் மாசத்துக்குள்ள லயத்தக் காலி பண்ணணுமாம்."

உண்மைதான். வழியெங்கும் வெட்டிய மரங்களும் எண்ணெய்க்காகப் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பாதி பூட்டிக் கிடந்தன.

வசந்தாவின் அம்மா சரோஜா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். துரை பங்களாவில் சமையல் செய்தவர். மூன்று படங்களையும் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு அச்சுப் படங்கள்; ஓவியரின் பென்சில் கையெழுத்தும் பிரதி எண்ணும் தெளிவாக இருந்தன. தலா தொள்ளாயிரம் வெள்ளி என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது, பலகையில் தீட்டிய அசல் ஓவியம். மனம் துள்ளியது.

டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் இருந்த நீலச் சதுரம் மட்டும் பளபளத்தது. மற்ற நிறங்களில் அந்தப் பளபளப்பு இல்லை.

"அக்கா, இத யாராச்சும் தொட்டாங்களா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கூரை ஒழுவி அந்த மூலை உரிஞ்சி போச்சு தம்பி. எங்க வீட்டுக்காரரு மணியம், தோட்டத்துல வாளிக்கும் மரத்துக்கும் நம்பர் எழுதுறவரு. அந்த சாயத்துலயே பூசிட்டாரு. மூனு ஞாயித்துக்கெழம. நாளைக்கு தொரை வந்து கேட்டா என்னா சொல்றதுன்னு அவருக்குப் பயம்."

துரை வரவே இல்லை. மணியம் முந்தைய ஆண்டு இறந்துவிட்டார்.

மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன்: இப்படியே விற்றால் இரண்டாயிரம்தான். சிங்கப்பூரில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஒருவர் மேற்பூச்சை எடுப்பார். அடியில் அசல் நிறம் தப்பியிருந்தால் ஆறாயிரத்துக்கு மேல் போகலாம். இல்லாவிட்டால் இரண்டாயிரமும் கிடைக்காது. சுங்கை சிப்புட்டில் பார்த்திருந்த வீட்டுக்கு முன்பணமே ஐயாயிரம் என்று வசந்தாவின் கடிதத்தில் இருந்தது.

"வேணாம்மா. அது அப்பா கை பட்டது" என்றார் வசந்தா.

சரோஜா அக்கா அந்தச் சதுரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"படம் கெட்டுடக் கூடாதுன்னுதான் உங்கப்பா பூசுனாரு. அவரு இருந்தா அவரே சொரண்டிக் குடுத்துருப்பாருலா" என்றார். பிறகு என்னிடம், "எடுத்துட்டுப் போங்க தம்பி."

திரும்பும் ரயிலில் அந்தப் படத்தை மடியை விட்டு இறக்கவில்லை. அடியில் ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற நினைப்பு தஞ்சோங் மாலிம் நிலையம் தாண்டியும் விடவில்லை.

ஏழு வாரம் கழித்து சிங்கப்பூரிலிருந்து அறிக்கை வந்தது. ஓவியரின் நீலம் பெரும்பகுதி தப்பியிருந்தது. ஏலத்தில் படம் ஆறாயிரத்து நானூறு வெள்ளிக்குப் போனது.

ஜூனில், அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன வாரத்தில், அறிக்கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. வசந்தா அதை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "மேல பூசுன சாயத்தோட ஓரம் ரொம்ப நேரா இருந்துச்சாம். ஓவியரே பின்னால வந்து திருத்துனாரோன்னு மொதல்ல சந்தேகப்பட்டாங்களாம்."

"இன்னொரு தடவ படி" என்றார் சரோஜா அக்கா.

படித்தார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை. நாங்கள் இருவரும் உள்ளே போகவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஈப்போவிலிருந்து காலை பஸ்ஸைப் பிடியுங்கள்; மதியத்துக்கு மேல் மழை. வீட்டில் பழைய படம் இருந்தால் நீங்களாகத் துடைக்காதீர்கள், ஈரச் சுவரில் சாய்க்காதீர்கள். மதிப்பிடப் போகிறவர்கள் விலையைச் சொல்லும் முன் அந்த வீட்டாரைப் பேசவிடுங்கள். அன்று டார்ச்சை எடுத்ததும் மனத்துக்குள் 'கெடுத்துவிட்டார்களே' என்றுதான் நான் சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஏலப் பட்டியலில் 'பழைய மேற்பூச்சு நீக்கப்பட்டது' என்று மட்டும் அச்சிட்டோம். பூசியவர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: பூசியவர் மணியம், தோட்டத்தில் எண் எழுதியவர்.