கருவாட்டுக்காரன் வீட்டுப் பூனை

செங்கல்பட்டுச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடுவன் பூனை என் தொழுகைப் பாயை அடிக்கடி நனைத்தது. திமிர் என்று நினைத்து ஒருநாள் விளக்குமாற்றால் அடித்துவிட்டேன். அது ஓடவில்லை. அங்கேயே குந்தி முக்கியது. ஒரே சொட்டுதான் விழுந்தது, அதுவும் ரத்தம்.

ஜட்கா வண்டி பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"இதுக்கு இன்னாய்யா துன்னக் குடுக்கிறே?" என்றார் கம்பவுண்டர்.

"எங்க கடைக் கருவாடுதாங்க. செல்லமா வளக்கிறேன்."

"அந்த உப்புதான்யா நீரை அடைக்குது. இனிமே கண்ணுலயே காட்டாதே."

அதன்பிறகும் இரண்டு முறை அடைத்தது. நான் விடவில்லை. கருவாட்டுக்காரன் தினமும் பச்சை மீன் வாங்குவதைப் பார்த்துச் சந்தையே சிரித்தது. சிரிக்கட்டும். மீனை அவித்து, அந்தத் தண்ணீரோடு ஊட்டுகிறேன்.

இப்போது அது கொல்லை மணலில் குந்தும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். மணல் நன்றாக நனைந்த பிறகுதான் என் பாயை விரிக்கிறேன்.