எது கிளியர்?

எருமப்பட்டிப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் நான் ஆபரேட்டராக இருந்தேன். எங்கள் வேலையில் 'கிளியர்' சாதாரண வார்த்தை இல்லை. வயர்மேன் கம்பத்தில் ஏறும் முன் எங்களிடம் 'லைன் கிளியர்' வாங்குவார். நாங்கள் மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்போம். அவர் பாதுகாப்புக்குக் கம்பியில் எர்த் மாட்டிவிட்டு வேலை பார்ப்பார். அவரே அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மறுபடி சப்ளை.

ஒரு கோடை மதியம், தென்னை மட்டை விழுந்து கம்பிகள் பின்னிக்கொண்டன. வயர்மேன் குமரேசன் லைன் கிளியர் வாங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்துக் கோழிப்பண்ணைக்காரர் செல்லமுத்து போன் செய்தார்.

"ஏனுங் அம்மணி, எல்லாம் கிளியருங்க. கரண்ட்ட உடுங்க."

"குமரேசன் எங்கீங்க?"

"பைக் நிக்குது, ஆளக் காணோமுங்க. மட்டைய எடுத்துட்டாரு, நானே பாத்தேன்."

குமரேசனுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செல்லமுத்துவே கூப்பிட்டார்.

"தண்ணி தெளிக்கிற மோட்டார் ஓடலீங்க. ஜெனரேட்டரும் ரிப்பேரு. கோழியெல்லாம் வெக்கையில வாயத் தொறந்துட்டு நிக்குது. கிளியர்னு சொல்றேன், நம்ப மாட்டீங்களா?"

அவர் குரல் உடைந்திருந்தது. கை ஸ்விட்சுக்குப் போகவில்லை என்றாலும் மனசு போனது.

"நம்புறேனுங்க. ஆனா அவரே சொல்லணும். தேடிப் புடிச்சு உங்க போன அவர்கிட்டக் குடுங்க."

திட்டிக்கொண்டேதான் நடந்தார். போனை அணைக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது.

"அம்மணி, உட்றாதீங்க! அடுத்த கம்பத்து மேல இருக்காருங்க! உட்றாதீங்க!"

அங்கே ஒரு இணைப்பு அறுந்து தொங்குவதைப் பார்த்து, அதையும் சரிசெய்ய ஏறியிருக்கிறார் குமரேசன். போன் பைக்கில் இருந்த பையில். அவர் இறங்கி வந்து, "அக்கா, ஆள் எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, லைன் கிளியர் ரிட்டர்ன்" என்று சொன்ன பிறகே சப்ளை கொடுத்தேன்.

அன்று செல்லமுத்துவின் கோழிகள் பல செத்தன. என்னோடு சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். மறுநாள் வந்தார். "நான் பொய் சொல்லலீங்க அம்மணி" என்றார்.

"தெரியுமுங்க" என்றேன்.

அவர் பார்த்தவரை கம்பியில் விழுந்த மட்டை போய்விட்டது. அவருக்கு அது கிளியர்தான்; எனக்கோ கம்பத்தில் ஆள் இருக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: சொல்கிறவர் நல்லவரா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எது கிளியர் என்று கேளுங்கள்.