மழை இல்லை என்று சொன்ன சைபர்

எங்கள் மழை அலுவலகக் கம்ப்யூட்டரும் ஆற்று அலுவலகக் கம்ப்யூட்டரும் மனிதக் கை படாமல் தகவல் பரிமாறிக்கொள்ள ஒரு பொது விதி எழுதுவதுதான், எண்பதுகளில் மதுரையில் எனக்குக் கொடுத்த வேலை. இரண்டு அலுவலகத்துக்கு நடுவே மாட்டி முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

நாலு

முதல் சோதனையாகப் பேரையூர் மழை நாலு மில்லிமீட்டர் என்று அனுப்பினோம். எண் மட்டும்தான் போகும். அவர்கள் மெஷினுக்குத் தெரிந்ததோ இஞ்சுக் கணக்கு. பத்தாவது நிமிஷம் ஆற்று அலுவலக இளம் இன்ஜினீயர் ராஜாராம் போனில் வந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"பேரையூர்ல நாலு இஞ்சு மழையாண்ணே? இப்பத்தான் மாமியார் வீட்டுலருந்து வாரேன், அங்க புழுதிகூட அடங்கல."

காலிக் கட்டம்

எல்லாம் மில்லிமீட்டர் என்று விதி செய்தோம். அடுத்த தலைவலி, மழை அளப்பவர்கள் மழை இல்லாத நாளில் தந்தியே அடிக்க மாட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால் மெஷின் நின்றுவிடும். தினமும் சைபர் என்றாவது அடியுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. காலி என்றால் மெஷினே சைபர் போட்டுக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டேன். பேரையூரில் மழை அளப்பவர் கேட்ட கேள்வியும் நியாயமாகத்தான் பட்டது.

"பெய்யாத மழைக்கு எதுக்கு சார் தந்தி?"

மலையடிவாரம்

ஐப்பசியில் ஒரு காலை. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. வைகை உற்பத்தியாகும் பக்கம் இருந்த மலையடிவார நிலையத்தில் மழை சைபர் என்று எங்கள் மெஷின் அனுப்ப, ஆற்று அலுவலக மெஷின் ஆபத்தில்லை என்று அச்சடித்துவிட்டது. என் வீடு கோச்சடையில், ஆற்றங்கரையில். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். தந்திக் கட்டைப் புரட்டினேன். அந்த நிலையத்திலிருந்து தந்தியே வரவில்லை. என் விதிதான் அதைச் சைபராக்கியிருந்தது. ஆற்று அலுவலகத்துக்கு இரண்டு முறை தப்பு நம்பர் சுழற்றி, மூன்றாம் முறை பிடித்தேன்.

"அது சைபர் இல்ல தம்பி. நமக்குத் தெரியல, அம்புட்டுத்தான்," என்றேன் ராஜாராமிடம்.

"தெரியலங்கறத மெஷின்ல எப்படிண்ணே அடிக்கிறது?" என்று கேட்டவர், கேட்ட கையோடு, ஜனங்களை மேட்டுக்குப் போகச் சொல்லி மைக் கட்டிய ஜீப்பைக் கோச்சடைக்கு அனுப்பிவிட்டார்.

மத்தியானம் என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூட மாடியில் மனைவியையும் பிள்ளைகளையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூன்றாம் நாள் மலையடிவாரத்து ஆள் நேரில் வந்தார். ஓடையில் வெள்ளம், தபாலாபீசுக்குப் போக முடியவில்லையாம். அவர் ஊருக்கு நேரே அச்சாகியிருந்த சைபரைக் காட்டினேன்.

"அம்புட்டு மழை பெஞ்சிருக்கு. இல்லைன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

தெரியாது என்பதற்கு 999 என்று அந்த வாரமே ஓர் எண் கொடுத்துவிட்டோம் என்றாலும், எந்தக் காகிதத்தில் சைபரைப் பார்த்தாலும், இது நிஜச் சைபர்தானா என்று கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் நம்புகிறேன்.